தராசுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்காத கடைக்காரருக்கு என்ன நேரும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முத்திரை ஆய்வர் வருவார், சான்றிதழைக் கேட்பார், இல்லையென்றால் அபராதம். பொட்டலத்தின் மேல் எடை, விலை, பொதிந்த மாதம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் வழக்கு. சட்டம் என்று அமலுக்கு வந்தது, அதற்கு முன் வாங்கி வைத்த சரக்குக்கு அது பொருந்துமா என்றெல்லாம் வாதாட நமக்கு நேரமும் இல்லை, டெல்லி வக்கீலும் இல்லை. கட்டிவிட்டு மறுநாள் கடையைத் திறக்கிறோம். இதில் நமக்குப் பெரிய மனக்குறை கிடையாது. அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் முதல் பாடம்.

அதே அளவு விஷயத்தில் பெரிய இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை. 2024 நவம்பரில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. 2022-23ஆம் ஆண்டில் எட்டு கார் கம்பெனிகள் எரிபொருள் சிக்கன விதியைத் தாண்டிவிட்டன என்றும், அதற்கான அபராதக் கணக்கு சுமார் 7,300 கோடி ரூபாய் என்றும் அந்தச் செய்தி சொன்னது. ஹூண்டாய் கம்பெனிக்கு மட்டும் 2,800 கோடி அளவில் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். கம்பெனிகள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. சட்டத்தின் திருத்தம் ஆண்டின் நடுவில் வந்தது, அதை முழு ஆண்டுக்கும் பொருத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். நம்மில் பலரும் இந்தச் செய்தியை ஒரு நாள் படித்துவிட்டு மறுநாள் மறந்துவிட்டோம்.

கார் கம்பெனியின் சண்டையில் மளிகைக்காரனுக்கும் பலசரக்கு மொத்த வியாபாரிக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆலங்குளத்தில் உட்கார்ந்துகொண்டு டெல்லி விவகாரம் பேசுவானேன் என்றும் கேட்கலாம். விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து பருப்பும் மல்லியும் வத்தலும் நம் கடைக்கு வந்து சேருவது எண்ணெயில்தான். நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2021இல் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது வாடகை எப்படி ஏறியது என்பது நமக்குத் தெரியும். ஏறிய வாடகையை முழுவதும் வாடிக்கையாளர் தலையில் வைக்க முடியாமல் பாதியை நாமே சுமந்ததும் தெரியும். நாட்டில் எண்ணெய் எவ்வளவு எரிகிறது என்பது எல்லோர் கணக்கிலும் வருகிற செலவு. அதைக் குறைக்க அரசு போட்ட விதி ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

விதி என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். இதன் நுணுக்கம் புரிந்தால்தான் சண்டை எதற்கு என்பது புரியும்.

2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் கார்களுக்கான சிக்கன அளவை மின்சார அமைச்சகம் 2014இல் அறிவித்து, 2015 ஏப்ரலில் திருத்தியது. 2017-18 முதல் அது அமலுக்கு வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைக் 'கஃபே' விதி என்கிறார்கள். காபிக் கடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கம்பெனி ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களையும் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்பது முதல் கட்ட அளவு. 2022-23 முதல் 113 கிராம். பெட்ரோல் கணக்கில் சொன்னால் 100 கிலோமீட்டருக்கு 5.49 லிட்டர் என்று இருந்தது 4.77 லிட்டராகக் குறைய வேண்டும். நமது பாஷையில் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் கொடுத்தது 21 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதனால் 7 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,000 ரூபாய்க்கு மேல். இது சோதனைக்கூடத்துக் கணக்கு, ராஜபாளையம் ரோட்டுக் கணக்கு அல்ல. இருந்தாலும் விகிதம் ஏறக்குறைய அதுதான்.

சராசரி என்ற சொல்லில்தான் வித்தை இருக்கிறது. ஒரு கம்பெனி 100 கார் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 சிறிய கார், ஒவ்வொன்றும் 110 கிராம். 40 பெரிய கார், ஒவ்வொன்றும் 160 கிராம். கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாக 130. பெரிய கார் வாங்கியவர் புகையைச் சிறிய கார் வாங்கியவர் ஈடு கட்டுகிறார். இதில் தவறில்லை. கலப்பு மாலில் நாமும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கம்பெனிக்குரிய இலக்கு அது விற்கும் கார்களின் சராசரி எடையைப் பொறுத்தது. கனமான கார் விற்கிறவருக்கு இலக்கு தளர்வு, லேசான கார் விற்கிறவருக்கு இலக்கு இறுக்கம். உடம்பு பெருத்தவருக்குச் சாப்பாடு கூட வேண்டும் என்பது போன்ற நியாயம் இது. அதனால் உடம்பைக் குறைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

அடுத்தது இன்னும் வேடிக்கை. மின்சாரக் கார் ஒன்றை விற்றால் சராசரிக் கணக்கில் அதை மூன்றாக எழுதிக்கொள்ளலாம். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் முழு ஹைபிரிட் கார் என்றால் இரண்டு. 90 பெட்ரோல் கார், தலா 140 கிராம், அவற்றோடு 10 மின்சாரக் கார் விற்ற கம்பெனியின் உண்மையான சராசரி 126 கிராம். 10ஐ 30 என்று எழுதினால் அது 105 ஆகிவிடும். ரோட்டில் போகிற புகையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஏட்டில் 21 கிராம் குறைந்துவிட்டது. புதிய தொழிலுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். இருக்கட்டும். 10 மூட்டை வாங்கி 30 மூட்டை என்று நாம் இருப்பு எழுதினால் வரி அதிகாரி அதை ஊக்கம் என்று எடுத்துக்கொள்வாரா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இனி அபராதத்துக்கு வருவோம். 2001 சட்டத்தில் உச்ச அபராதம் 10,000 ரூபாய். 2010இல் அதை 10 லட்சமாக்கினார்கள். ஆயிரக்கணக்கான கோடிக்கு விற்பனை செய்யும் கம்பெனிக்கு 10 லட்சம் என்பது ஒரு விளம்பரப் படத்தின் டீ, காபிச் செலவு. 2022 டிசம்பரில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது, 2023 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதன்படி 100 கிலோமீட்டருக்கு 200 மில்லி வரை மிகுந்தால் விற்ற ஒவ்வொரு காருக்கும் 25,000 ரூபாய், அதற்கு மேல் போனால் காருக்கு 50,000 ரூபாய். 1 லட்சம் கார் விற்ற கம்பெனி தவறினால் 250 கோடியோ 500 கோடியோ கட்ட வேண்டும். அபராதம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் எடை வந்தது. எடை வந்தவுடனேயே முணுமுணுப்பும் வந்தது.

கம்பெனிகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, திருத்தம் ஜனவரியில் வந்தது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை விற்ற காருக்குப் புதிய அபராதம் போடுவது முன் தேதியிட்டுத் தண்டிப்பது போல ஆகும். நமக்கு இப்படி ஒரு வரி நோட்டீஸ் வந்தால் நாமும் இதைத்தான் சொல்வோம். ஆனால் 113 கிராம் என்ற அளவு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 2015 ஏப்ரலிலேயே அது அறிவிக்கப்பட்டுவிட்டது. தயாராக ஏழு ஆண்டு அவகாசம் இருந்தது. ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தபோது நமக்கு எத்தனை மாத அவகாசம் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மேலும், ஜனவரி முதல் மார்ச் வரை விற்ற காருக்காவது கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மீதிக்கு வழக்காடலாமே. வரி மேல்முறையீட்டுக்குப் போகிற வியாபாரி தகராறுத் தொகையில் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்டிவிட்டுத்தானே உள்ளே நுழைய முடிகிறது!

அடுத்த கட்ட விதி 2027 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுக்கு உரியது. அதன் வரைவை எரிசக்தித் திறன் பணியகம் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அதில் சிறிய காருக்குத் தனிச் சலுகை ஒன்று இருந்தது. எடை 909 கிலோவுக்குள், எஞ்சின் 1,200 சி.சி.க்குள், நீளம் 4 மீட்டருக்குள் இருக்கிற காருக்குக் கணக்கில் 3 கிராம் கழித்துக்கொள்ளலாம் என்றது வரைவு. சிறிய கார் என்றால் இந்நாட்டில் மாருதி. லேசான காரை இறுக்கிப் பிடித்தால் ஏழை, நடுத்தர மக்கள் இரு சக்கர வண்டியிலிருந்து காருக்கு ஏற முடியாது என்பது அந்தக் கம்பெனியின் வாதம். டாடா, மகிந்திரா, ஹூண்டாய் முதலியோர் இந்தச் சலுகை ஒரே கம்பெனிக்குப் போகும் என்று எதிர்த்து அரசுக்கு எழுதியதாக அவ்வாண்டின் இறுதியில் செய்திகள் வந்தன. இரு தரப்பும் பொதுநலம் பேசின. ஒரு தரப்பின் பொதுநலம் 909 கிலோவில் முடிகிறது, இன்னொரு தரப்பின் பொதுநலம் 909 கிலோவுக்கு மேல் தொடங்குகிறது. அவரவர் ஷோரூம் எங்கே இருக்கிறதோ அங்கே கோடு.

கோடு போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குப் பழகிய கதை. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் உள்ள சிறிய காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு என்ன நடந்தது? காரின் பின்பெட்டி வெட்டுப்பட்டது. டாடா இண்டிகோ 2008இல் குட்டையாகி வந்தது. மாருதி டிசையர் 2012இல் குட்டையாகி வந்தது. வால் நறுக்கிய கோழி மாதிரி அந்தக் கார்கள் நம் ஊர்த் தெருக்களில் இன்றும் நிற்கின்றன. சாமான் வைக்க இடம் போயிற்று, வரி மிச்சமாயிற்று. நம் அரிசி மூட்டைக் கதையும் இதேதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பெயர் அச்சிட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத வரி என்றார்கள். வியாபாரிகள் எவ்வளவோ சொல்லியும் வரி நின்றது. சில வாரத்தில் 26 கிலோ மூட்டை தமிழ்நாடு முழுவதும் வந்துவிட்டது. வாங்கும் வீட்டுக்கு 26 கிலோவால் என்ன நன்மை என்று யாராவது சொல்ல முடியுமா? கோடு ஓரிடத்தில் இருந்தால் வியாபாரம் அந்தக் கோட்டை ஒட்டி உட்காரும். அது மனித இயல்பு. ஆகவே 909 என்ற கோடு வேண்டாம் என்பதே நமது கருத்து. லேசான கார் குறைந்த எண்ணெயில் ஓடுகிறது என்பது உண்மை. அதற்குரிய நியாயத்தைச் சூத்திரத்திலேயே படிப்படியாகக் கொடுக்கலாம். கனத்துக்குத் தரும் தளர்வைக் குறைத்தாலே லேசான காருக்கு நியாயம் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். கம்பெனிகள் அரசிடம் போய்ப் பேசுவது தப்பா? நாமும் போகிறோமே! மே 5 வணிகர் தினத்தில் மாநாடு போடுகிறோம், மந்திரியை அழைக்கிறோம், மேடையில் வைத்தே கோரிக்கையைச் சொல்கிறோம். கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறோம். கடையடைப்பு செய்கிறோம். ஆம், செய்கிறோம். ஆனால் நாம் கொடுத்த மனுவின் வாசகம் நமது இதழில் அச்சாகிறது. மனுக் கொடுத்த படம் அடுத்த பக்கத்தில் வருகிறது. எதைக் கேட்டோம், யாரிடம் கேட்டோம், என்ன கிடைத்தது என்று எதிர்க் கட்சிக்காரரும் தெரிந்துகொள்ளலாம், நம்மைத் திட்டவும் செய்யலாம். கார் கம்பெனிகள் எழுதிய கடிதம் நிருபர் ஒருவர் கையில் சிக்கினால்தான் நமக்குத் தெரிகிறது. கேட்பது குற்றமல்ல, யாருக்கும் தெரியாமல் கேட்பதுதான் குற்றம்.

இதோடு பண விஷயமும் சேருகிறது. கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை கொடுப்பதை 1969இல் தடை செய்தார்கள். தடை இருந்தபோது பணம் கைமாறவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கணக்கில் வராமல் கைமாறியது. 1985இல் தடையை நீக்கினார்கள். பின்னர் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2017இல் அந்த வரம்பையும் எடுத்தார்கள், கூடவே தேர்தல் பத்திரத் திட்டத்தையும் கொண்டுவந்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டமும் வரம்பை நீக்கியதும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது அதில் எல்லாத் தொழில்காரர்களும் இருந்தார்கள், வாங்கிய பக்கத்தில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் பல கட்சிகள் இருந்தன. நம் மாநிலக் கட்சிகளும் அதில் உண்டு.

பத்திரப் பணத்தால்தான் கார் விதி தளர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது, சான்று இல்லாததை இந்த இதழில் எழுதுவதும் நமது வழக்கமில்லை. ஆனால் கொடுத்தவர் பெயரை மறைத்து, கேட்டவர் கடிதத்தையும் மறைத்து, பிறகு அபராதமும் இழுபறியில் கிடந்தால் ஊர் என்ன பேசும்? கடையின் பின்கதவு வழியாகச் சரக்கு போனால் அது கணக்கில் உள்ள சரக்காகவே இருந்தாலும் பங்காளிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

தமிழ்நாட்டுக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசான் என்று கார்த் தொழில் நம் மாநிலத்தில் வேரூன்றியிருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் நம் கடைகளிலும் வியாபாரம் நடக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை குடும்பம் தவித்தது என்பதை நாடே பார்த்தது. ஆகவே 'விதியை இறுக்கினால் ஆலை மூடப்படும்' என்று கம்பெனி சொன்னால் எந்தக் கட்சி ஆண்டாலும் கோட்டையில் கொஞ்சம் நடுக்கம் வரும். பெரிய முதலாளியின் பலம் நன்கொடையில் மட்டும் இல்லை, இந்த நடுக்கத்திலும் இருக்கிறது. ஆனால் ஃபோர்டு போனது சிக்கன விதியால் அல்ல, வியாபாரத்தில் நஷ்டம் வந்ததால். இதைத் தனித்தனியே பார்க்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே பயம் காட்டப்பட்டது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அங்கே பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1975இல் கார் சிக்கனச் சட்டம் போட்டார்கள். நம் 'கஃபே' விதிக்குப் பாட்டன் அதுதான். 1985க்குள் ஒரு காலனுக்கு 27.5 மைல் என்பது இலக்கு. காலம் நெருங்கியபோது ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் முடியாது, ஆலை மூட வேண்டிவரும் என்றார்கள். ரீகன் அரசு 1986 மாடலுக்கு 26 மைல் என்று குறைத்துக் கொடுத்தது. அப்போது எதிர்த்துக் குரல் கொடுத்தது யார் தெரியுமா? இன்னொரு கார் கம்பெனியான கிரைஸ்லர். பணம் போட்டு, காரைத் திருத்தி, சொன்ன அளவை எட்டிய கம்பெனி அது. ஒழுங்காக நடந்தவனுக்கு நஷ்டம், நடக்காதவனுக்குச் சலுகை என்றால் நாளை யார் ஒழுங்காக நடப்பான் என்பது அதன் கேள்வி. தேதி தவறாமல் வரி கட்டியவர், பின்னால் வந்த சமாதானத் திட்டத்தில் கட்டாதவருக்குத் தள்ளுபடி கிடைப்பதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

அந்தச் சட்டத்தில் சின்ன லாரிகளுக்கு இலக்கு தளர்வாக இருந்தது. விவசாயியும் தச்சரும் ஓட்டும் வண்டியாயிற்றே என்ற இரக்கம். கம்பெனிகள் குடும்பம் போகும் பெரிய ஜீப் வகை வண்டியை அந்த லாரிக் கணக்கில் சேர்த்து விற்றன. பிற்பாடு அந்த நாட்டுத் தெரு முழுவதும் அந்த வண்டிதான். கடைசியாக 2025 ஜூலையில் போட்ட ஒரு சட்டத்தில் சிக்கன விதியை மீறியதற்கான அபராதத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். விதி இருக்கிறது, அபராதம் பூஜ்யம். தராசு தொங்குகிறது, படிக்கல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள்! நம் நாட்டிலும் அப்படி ஒரு நாள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்.

சோதனைக்கூடத்தில் ஒரு புகையும் ரோட்டில் ஒரு புகையுமாக மென்பொருள் வைத்து ஏமாற்றிய ஃபோக்ஸ்வேகன் விவகாரம் 2015இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் 1 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள். நம் நாட்டில் மட்டும் 3.2 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் விதித்தது. மே மாதம் அக்கம்பெனி மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தடை வந்தது. 100 கிராம் குறைத்து நிறுத்தினான் என்று ஒரு காய்கறிக்காரனின் தராசைப் பறிமுதல் செய்கிற வேகத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நீதிமன்றம் உறுதியாக நின்றால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பி.எஸ்.3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. அப்போது கம்பெனிகளிடமும் டீலர்களிடமும் 8 லட்சத்துக்கு மேல் வண்டி இருப்பு. மார்ச் 30, 31 இரண்டு நாளும் இரு சக்கர வண்டிக் கடைகளில் தீபாவளிக் கூட்டம். தள்ளுபடி விலையில் விற்றுத் தீர்த்தார்கள். தேதி வருகிறது என்று தெரிந்தும் கடைசி நிமிடம் வரை தளர்வு கிடைக்கும் என்று நம்பி உற்பத்தி செய்தது கம்பெனி, கையில் சரக்கோடு மாட்டிக்கொண்டது ஊர் டீலர். மேலிடத்தில் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்கிற நம்பிக்கையின் விலையைச் சில்லறைக்காரன்தான் கொடுக்கிறான். இருப்பு வைத்து வியாபாரம் செய்கிற நமக்கு இது நன்றாகப் புரியும்.

நாம் கேட்க வேண்டியது என்ன? வரைவு விதி வெளியானபின் எந்தக் கம்பெனி, எந்தச் சங்கம், என்ன எழுதிக் கொடுத்தது என்பதை அமைச்சகம் அப்படியே பொதுவில் வைக்க வேண்டும். ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு கம்பெனியின் சராசரியையும் அறிவிக்க வேண்டும். மூன்றைக் கூட்டி எழுதிய கணக்கோடு உண்மையான கணக்கையும் பக்கத்திலேயே போட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் நட்சத்திரம் ஒட்டி விற்கிறார்கள். கார் ஷோரூமிலும் வண்டியின் கண்ணாடியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பெரிய எழுத்தில் ஒட்டட்டும். அபராதம் என்று கணக்கிட்டதை வசூலிக்கட்டும், வசூலிக்க முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லட்டும். இவையெல்லாம் நம்மிடம் அரசு கேட்பவைதான். விலைப் பட்டியல் வை, சான்றிதழை மாட்டு, கணக்கைக் காட்டு என்று நம்மிடம் சொல்வதைத்தான் அவர்களிடமும் சொல்லச் சொல்கிறோம்.

நம் தொழிலுக்கு நேரடியாக உள்ள ஒரு விஷயமும் இருக்கிறது. 'கஃபே' விதி ஆட்கள் போகும் காருக்கு மட்டும்தான். 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்கு 2017 ஆகஸ்டில் தனி அளவு அறிவித்தார்கள். நாம் கடைக்குக் கடை சரக்குப் போடும் குட்டியானை இந்தக் கார் கணக்கில் வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சத்திரப்பட்டி மருத்துவத் துணியும் முதல் கட்டம் போவது இந்த மாதிரிச் சின்ன வண்டியில்தான். ஒரு நாளைக்கு அதிக நேரம் ஓடுவதும் அதுதான், எண்ணெய்ச் செலவு வியாபாரியை நேராகக் கடிப்பதும் அங்கேதான். காரில் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடினால் குடும்பத்துக்கு மிச்சம். குட்டியானையில் 2 கிலோமீட்டர் கூடினால் ஊருக்கே மிச்சம். இந்த வண்டிகளுக்கு விதி எழுதும்போது மேஜையில் செய்கிறவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது, வாங்கி ஓட்டுகிறவரும் உட்கார வேண்டும். அதற்கு நமது மாநிலப் பேரமைப்பு எழுதிக் கேட்க வேண்டும், எழுதிய கடிதத்தை வழக்கம்போல இதழில் அச்சிட வேண்டும்.

கடிதத்தில் வெறும் கோரிக்கை இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், கணக்கு இருக்க வேண்டும். ஆகவே குட்டியானையோ அதைப் போன்ற வண்டியோ வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒரு மாதம் குறித்து வைத்து அனுப்பினால் உதவியாக இருக்கும். வண்டி வாங்கிய ஆண்டு, ஏற்றும் எடை, ஓடிய தூரம், ஊற்றிய டீசல் ஆகிய நான்கும் போதும். கம்பெனி சொன்ன மைலேஜையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏற்றும் எடையை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், போலீஸ் கணக்கு எழுத வேண்டாம்.